வாசகர் கேள்வி – பதில்: ரஷ்ய மாவட்டங்களும் அவற்றின் பெயர்களும்

ரஷ்யாவின் நிர்வாகப் பிரிவுகளைப் பற்றியும் அவற்றின் பெயர்கள் பிறந்த விதம் பற்றியும் வாசகர்கள் பலர் தனித்தனியாக எழுதியிருந்தார்கள். ஒரு கேள்விக்குச் சொல்லும் பதில் மற்றொன்றுக்கும் துணையாக இருப்பதால் அவற்றை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் தருகிறோம்.

கேள்வி: செய்திகளில் ஒரு நாள் 'சைபீரிய மாவட்டம்' என்கிறார்கள், மறுநாள் மாஸ்கோ நகருக்குள்ளேயே ஒரு மாவட்டத்தைச் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே வகைப் பிரிவுதானா?

பதில்: அல்ல. வெவ்வேறு படிநிலைகளில் உள்ள பிரிவுகளுக்கு 'மாவட்டம்' என்ற ஒரே சொல்லைத் தமிழில் பயன்படுத்துவதால் நேரும் குழப்பம் இது. சைபீரியக் கூட்டாட்சி மாவட்டம் என்பது, 2000ஆம் ஆண்டில் அதிபர் பூட்டின் நாட்டை ஏழு பெரும் பகுதிகளாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் தம் பிரதிநிதி ஒருவரை நியமித்தபோது உருவான கண்காணிப்பு ஏற்பாடு. 2010இல் வடக்கு காகசஸ் எட்டாவது பகுதியாகப் பிரிக்கப்பட்டது. கூட்டாட்சியின் உண்மையான உறுப்புகள் அதற்கு அடுத்த படியில் இருக்கின்றன. ஒப்லாஸ்து எனப்படும் மாகாணங்கள், கிராய் எனப்படும் எல்லைப்புற மாகாணங்கள், குடியரசுகள், ஒக்ரூக் எனப்படும் தன்னாட்சி வட்டாரங்கள், தூரக்கிழக்கில் உள்ள ஒரே ஒரு தன்னாட்சி ஒப்லாஸ்து, கூட்டாட்சி நகரங்கள் ஆகியவையே அவை. 1993ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் 89 உறுப்புகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. 2005 முதல் 2008 வரை நடந்த இணைப்புகளால் அவை 83 ஆகக் குறைந்தன. 2014இலும் 2022இலும் ரஷ்யா தன்னுடன் சேர்த்துக்கொண்டதாக அறிவித்த உக்ரைன் பகுதிகளை ஐ.நா. பொதுச்சபை ரஷ்யாவின் பகுதிகளாக ஏற்கவில்லை என்பதால் இங்கே அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த உறுப்புகளுக்குள் அடங்கும் பிரிவுதான் ரயோன். நாம் மாவட்டம் என்று சொல்லும்போது பெரும்பாலும் மனத்தில் கொள்ள வேண்டியது இதைத்தான். பீட்டர் பேரரசர் 1708இல் நாட்டை குபேர்னியா எனப்படும் எட்டு பெரும் மாகாணங்களாகப் பிரித்தார். இரண்டாம் கேத்தரீன் 1775இல் அந்த அமைப்பை மாற்றி, ஒவ்வொரு குபேர்னியாவையும் உயேஸ்த் என்ற சிறு பகுதிகளாக ஒழுங்குபடுத்தினார். தலைநகர் இல்லாத உயேஸ்துகளுக்காகப் பல கிராமங்கள் ஓர் ஆணையின் பேரில் நகரங்கள் ஆயின. உயேஸ்துக்குக் கீழே வோலஸ்த் என்ற கிராமத் தொகுதி இருந்தது. 1920களில் சோவியத்து ஆட்சி இந்த மூன்று அடுக்குகளையும் கலைத்துவிட்டு, பிரெஞ்சு மொழியிலிருந்து ரஷ்ய மொழிக்கு வந்த ரயோன் என்ற சொல்லைப் புதிய அலகுக்குச் சூட்டியது. பழைய அடுக்குகளின் பெயர்களில் ஜார் ஆட்சியின் நினைவு ஒட்டிக்கொண்டிருந்ததும் அந்தத் தேர்வுக்கு ஒரு காரணம் என்று கொள்ளலாம். சகா குடியரசில் மட்டும் ரயோனுக்கு உலுஸ் என்றும், தூவா குடியரசில் கொஷூன் என்றும் அந்தந்த மக்களின் பழைய சொற்கள் வழங்குகின்றன.

அளவைப் பற்றி ஒரு முன்னெச்சரிக்கை தேவை. ரயோன் என்றால் சிறியது என்று எண்ணிவிடக்கூடாது. க்ராஸ்னயார்ஸ்க் கிராயின் வடகோடியில் உள்ள தைமீர் தல்கான்-நேனெத்ஸ் ரயோன் ஏறத்தாழ 880,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பிரான்ஸ் நாடு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். 2007 தொடங்கும் வரை அது தன்னாட்சி ஒக்ரூக்காக இருந்தது. கிராயுடன் இணைந்தபோது தகுதி மாறியதே தவிர, அங்கே நூற்றாண்டுகளாக வாழும் தல்கான், நேனெத்ஸ் மக்களின் பெயர்கள் பலகையில் அப்படியே நின்றன.

கேள்வி: லெனின்கிராத் என்ற நகரம் இப்போது இல்லை. ஆனால் லெனின்கிராத் மாகாணம் இருக்கிறதே, எப்படி?

பதில்: நகரின் பெயரும் மாகாணத்தின் பெயரும் சட்டப்படி இரண்டு தனித்தனி முடிவுகள். 1991 ஜூன் 12 அன்று நகரவாசிகள் வாக்கெடுப்பில் பழைய பெயரை விரும்பினார்கள்; அதே ஆண்டு செப்டம்பரில் லெனின்கிராத் மீண்டும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆனது. நகரைச் சுற்றியுள்ள மாகாணம் அந்த வாக்கெடுப்பில் சேரவில்லை. அது 1927இல் உருவானபோதே லெனின்கிராத் என்ற பெயருடன் பிறந்தது. அதற்குத் திரும்பிச் செல்லப் பழைய பெயர் என்று ஒன்றும் இருக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் நகரம் முற்றுகையிடப்பட்ட நினைவும் அந்தப் பெயருடன் பிணைந்திருந்தது. பிறகு 1993ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் உறுப்புகளின் பெயர்களைத் தன் 65ஆம் பிரிவிலேயே எழுதி வைத்துவிட்டதால், அன்றிருந்த பெயர்கள் உறுதிப்பட்டுப் போயின.

யூரல் பகுதியிலும் இதே நிலைதான். 1723இல் தோன்றிய யெகாத்தரின்பர்க் 1924 முதல் 1991 வரை ஸ்வெர்த்லோவ்ஸ்க் என்று வழங்கியது. நகரம் தன் பெயரைத் திரும்பப் பெற்ற பின்னும் மாகாணம் ஸ்வெர்த்லோவ்ஸ்க் ஒப்லாஸ்தாகவே இருக்கிறது. ஆனால் எல்லா இடங்களிலும் இப்படி நடக்கவில்லை. கலீனின் என்ற பெயரை விட்டு த்வேர், கோர்க்கி என்ற பெயரை விட்டு நிஷ்னி நோவ்கொரத், குய்பிஷெவ் என்ற பெயரை விட்டு சமாரா என்று நகரமும் மாகாணமும் சேர்ந்தே திரும்பிய இடங்களும் உண்டு. கீரொவ், உல்யானொவ்ஸ்க் ஆகிய இரண்டும் நகரம், மாகாணம் என்ற இரு நிலைகளிலும் சோவியத்துப் பெயருடன் நிற்கின்றன.

இதே லெனின்கிராத் மாகாணத்தில் உள்ள காட்சினாவின் கதையையும் சொல்லியாக வேண்டும். அது 1923இல் புரட்சித் தலைவர் த்ரோத்ஸ்க்கியின் பெயரால் த்ரோத்ஸ்க் ஆனது; அவர் நாடு கடத்தப்பட்ட 1929ஆம் ஆண்டிலேயே க்ராஸ்னக்வர்தெய்ஸ்க், அதாவது செங்காவலர் நகர், என்று மாறியது; 1944இல் மறுபடியும் காட்சினா ஆயிற்று. இருபத்தோரு ஆண்டுகளில் ஒரே ஊர் மக்கள் மூன்று முகவரிகளை எழுதினார்கள்.

கேள்வி: 'க்ராஸ்ன' என்று தொடங்கும் பெயர்கள் வரைபடம் முழுவதும் இருக்கின்றன. எல்லாம் செங்கொடியிலிருந்து வந்தவையா?

பதில்: பாதிக் கதைதான் அது. பழைய ரஷ்ய மொழியில் 'க்ராஸ்னி' என்ற சொல் அழகைக் குறித்தது. சிவப்பு நிறம் என்ற பொருள் அதற்குப் பின்னர் நிலைத்தது. மாஸ்கோவின் செஞ்சதுக்கத்துக்கு அந்தப் பெயர் புரட்சிக்கு நெடுங்காலம் முன்பே உண்டு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் 18 மாவட்டங்களுள் ஒன்றான க்ராஸ்னசேல்ஸ்கி, க்ராஸ்னயெ சிலோ என்ற பழைய ஊரின் பெயரைத் தாங்கியது. 'அழகிய ஊர்' என்பதே அதற்குப் பொருள். க்ராஸ்னயார்ஸ்க் 1628இல் எனிசேய் ஆற்றங்கரையில் ஒரு கோட்டையாக எழுந்தது. 'யார்' என்பது செங்குத்தான கரை. அங்கே கரை உண்மையிலேயே சிவந்த மண்ணால் ஆனது.

க்ராஸ்னதார் வேறு வகை. இரண்டாம் கேத்தரீன் கோசாக்குகள் எனப்படும் எல்லைக் காவல் படைக்குடியினருக்கு வழங்கிய நிலத்தில் தோன்றிய அந்த நகரம் யெகாத்தரினதார், 'கேத்தரீனின் கொடை', என்று அழைக்கப்பட்டது. 1920இல் பேரரசியின் பெயரை நீக்கிவிட்டுச் 'செங்கொடை' என்று ஆக்கினார்கள். க்ராஸ்னஅர்மேய்ஸ்கி, அதாவது செம்படை மாவட்டம், க்ராஸ்னக்வர்தெய்ஸ்கி, அதாவது செங்காவலர் மாவட்டம், போன்றவை ஐயத்துக்கு இடமின்றிச் சோவியத்துக் காலப் பெயர்கள். ஒரே பெயரில் பல மாகாணங்களில் மாவட்டங்கள் இருப்பதற்கும் அதுவே காரணம்.

ரஷ்ய மொழி பேசாத மக்களின் தலைநகரங்களிலும் இந்தச் சிவப்பு அந்தந்த மொழியிலேயே எழுதப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மாரி மொழியில் யோஷ்கர்-ஓலா 'செந்நகர்'. நேனெத்ஸ் மொழியில் நர்யான்-மார் என்பதற்கும் அதே பொருள். புர்யாத்திய மொழியில் உலான்-உதே 'சிவப்பு உதே', அதாவது உதா ஆற்றின் சிவப்பு நகர். தூவாவின் தலைநகரான கிஸீல் வெறுமனே 'சிவப்பு'. இந்தக் கிஸீல் 1914இல் நிறுவப்பட்டபோது பெலத்ஸார்ஸ்க், 'வெள்ளை ஜாரின் நகர்', என்று பெயர் பெற்றிருந்தது. ஒரு தலைமுறைக்குள் ஒரு ஊர் வெள்ளையிலிருந்து சிவப்புக்கு வந்ததை இவ்வளவு நேரடியாகக் காட்டும் பெயர் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: ரஷ்யாவில் பாரிஸ் என்று ஒரு கிராமம் இருப்பதாகப் படித்தேன். உண்மையா? அங்கே எப்படி அந்தப் பெயர் வந்தது?

பதில்: உண்மை. அதுவும் தனியாக இல்லை. தெற்கு யூரல் பகுதியில் செல்யாபின்ஸ்க் மாகாணத்தில் நகாய்பாக் ரயோன் இருக்கிறது; அதன் தலைமையூரின் பெயர் ஃபெர்ஷம்பெனுவாஸ். பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் உள்ள ஃபேர்-ஷம்பெனுவாஸ் என்ற ஊரின் பெயரே ரஷ்ய நாவில் அப்படி ஆகியிருக்கிறது. 1814 மார்ச்சில் நெப்போலியனின் படைப்பிரிவுகளை நேச நாட்டுக் குதிரைப்படை அங்கே முறியடித்தது. சில நாட்களில் பாரிஸ் வீழ்ந்தது. அதே ரயோனில் பாரிஸ், காசெல், ஆர்சி, அஸ்த்ரலென்கா என்ற கிராமங்கள் உள்ளன. பக்கத்து வார்னா ரயோனில் லைப்சிக் இருக்கிறது. த்ரோயித்ஸ்க் ரயோனில் பெர்லின் இருக்கிறது.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் ஒரன்பூர்க் கோசாக் படையினர். 1830களிலும் 1840களிலும் பேரரசு தன் எல்லைக் காவல் கோட்டைக் கிழக்கே கசாக் புல்வெளிக்குள் நகர்த்தியது. அந்தப் புதிய கோட்டில் குடியமர்த்தப்பட்ட கோசாக்குகளின் குடியிருப்புகளுக்குத் தொடக்கத்தில் பெயர்களே இல்லை, எண்கள்தாம் இருந்தன. எண்களால் அறியப்பட்ட இடங்களுக்குப் பெயர் தேவைப்பட்டபோது, ரஷ்யப் படைகள் வென்ற களங்களின் பெயர்கள் வரிசையாகச் சூட்டப்பட்டன. ஆகவே இந்தப் பெயர்களை ஏதோ ஒரு பிரபுவின் ஐரோப்பிய மோகம் என்று கொள்வது தவறு. அவை ஒரு படையின் போர்ப் பட்டியல்.

நகாய்பாக்குகள் என்போர் கிறித்தவம் தழுவிய, தாத்தாரிய மொழிக்கு நெருங்கிய பேச்சுடைய சிறு மக்கள் குழுவினர். ரஷ்யச் சட்டம் அவர்களைத் தொல்குடிச் சிறுபான்மையாக ஏற்றிருக்கிறது. அவர்கள் ஒரன்பூர்க் கோசாக் படையில் பணியாற்றியவர்கள். நெப்போலியனுக்கு எதிரான போரில் பங்கேற்று மேற்கு ஐரோப்பா வரை சென்றவர்கள் அவர்களுக்குள் உண்டு. எனவே ரயோனின் பெயர் அந்த மக்களையும், தலைமையூரின் பெயர் அவர்களுடைய படை போன தொலைவையும் குறிக்கின்றன. ஒரு நிர்வாக அலகின் பெயர்ப்பலகையில் இவ்வளவு செய்தி அமைவது அரிது. பாரிஸ் கிராமத்தில் 2005இல் ஈஃபில் கோபுர வடிவில் ஒரு கைபேசிக் கோபுரமும் எழுப்பப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் அதைப் படம் எடுக்கவே போகிறார்கள். ஆனால் பெயர் கோபுரத்தைவிட ஏறத்தாழ 160 ஆண்டுகள் மூத்தது.

அண்டை ரயோன்கள் இரண்டையும் இதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டும். வார்னா ரயோன், 1828இல் துருக்கியரிடமிருந்து ரஷ்யப் படை கைப்பற்றிய கருங்கடல் துறைமுகமான வார்னாவின் பெயரைத் தாங்கியது. செஸ்மா ரயோன், 1770இல் ஈஜியன் கடலில் துருக்கியக் கடற்படை எரிந்தழிந்த போரின் பெயரைத் தாங்கியது. கடலிலிருந்து மிகத் தொலைவில், புல்வெளி நடுவில், ஒரு கடற்போரின் பெயருடைய மாவட்டம் இருப்பதற்கு இதுவே விளக்கம்.

கேள்வி: 'யூரியெவ்-போல்ஸ்கி' என்ற ஊருக்கும் போலந்துக்கும் என்ன தொடர்பு?

பதில்: எந்தத் தொடர்பும் இல்லை. 'போல்யெ' என்றால் வயல்வெளி. காடுகள் சூழ்ந்த விளாதிமீர் பகுதியில் மரங்களற்ற வளமான நிலப்பரப்பு ஒன்று உண்டு; அங்கே 1152இல் இளவரசர் யூரி தல்கரூக்கி நிறுவிய ஊர் என்பதால் 'வயல்வெளியில் உள்ள யூரியின் ஊர்' ஆயிற்று. அதே ஆண்டைச் சேர்ந்த பெரெஸ்லாவ்ல்-ஸலெஸ்கி 'காட்டுக்கு அப்பால் உள்ள பெரெஸ்லாவ்ல்' என்று பொருள்படும்.

காட்டுக்கு அப்பால் என்றால் யாருடைய பார்வையில்? கீவிலிருந்து பார்ப்பவர்களின் பார்வையில். தெற்கிலிருந்து வடகிழக்கே குடிபெயர்ந்த மக்கள் தங்கள் ஊர்ப் பெயர்களையும் ஆற்றுப் பெயர்களையும் எடுத்துச் சென்றார்கள். கீவுக்கு அருகில் ஒரு பெரெயாஸ்லாவ்ல் உண்டு. அது த்ருபேஷ் ஆற்றின் கரையில் இருக்கிறது. ஸலெஸ்கியும் ஒரு த்ருபேஷ் ஆற்றின் கரையில் இருக்கிறது. மூன்றாவதாக, பெரெயாஸ்லாவ்ல்-ரியஸான்ஸ்கி என்ற நகரமும் ஒரு த்ருபேஷ் கரையில் இருந்தது. லீபெத் என்ற ஆற்றுப் பெயரும் கீவ், விளாதிமீர், ரியஸான் என மூன்று இடங்களிலும் வருகிறது. மேலே சொன்ன பெரெயாஸ்லாவ்ல்-ரியஸான்ஸ்கிதான் 1778இல் ரியஸான் என்று பெயர் மாற்றப்பட்டது. 1237இல் மங்கோலியத் தலைவர் பாத்து கானின் படை அழித்த பழைய ரியஸான் வேறு ஓர் இடத்தில் மண்மேடாகக் கிடக்கிறது. ஆகவே இன்றைய ரியஸான் மாகாணத்தின் பெயர், தன் ஊரை இழந்து வேறொரு ஊரில் குடியேறிய பெயர்.

வோல்கா கரையில் உள்ள த்ஸரீத்ஸின், பின்னாளில் ஸ்டாலின்கிராத், இன்று வோல்கோகிராத் ஆகிய நகரத்தைப் பற்றியும் இதே எச்சரிக்கையைச் சொல்லலாம். அந்த முதல் பெயர் ரஷ்யக் காதுக்குப் 'பேரரசியினுடையது' என்று கேட்கிறது. ஆனால் நகரம் த்ஸரீத்ஸா என்ற சிற்றாற்றிலிருந்து பெயர் பெற்றது. அந்த ஆற்றின் பெயர் துருக்கிய மொழியின் 'சாரி சூ', மஞ்சள் நீர், என்பதன் திரிபு என்று அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். பேரரசி யாரும் அதில் இல்லை.

கேள்வி: எந்தப் பெயர்கள் மிகப் பழையவை?

பதில்: ஆறுகளின் பெயர்கள். ரஷ்ய நிர்வாகப் பெயர்களில் பெரும்பகுதி ஆறுகளில் தொடங்குவதால் இந்தக் கேள்வி மையமானது. மாஸ்கோ நகரம் மாஸ்க்வா ஆற்றாலும், சமாரா, வரோனெஷ், பென்ஸா ஆகியவை அதே பெயருடைய ஆறுகளாலும், கூர்ஸ்க் கூர் என்ற சிற்றாற்றாலும் பெயர் பெற்றவை. குடியேறியவர்கள் வந்தபோது ஆற்றுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது, அதையே ஏற்றுக்கொண்டார்கள். அதனால் வட ரஷ்யாவின் ஆற்றுப் பெயர்களில் ஃபின்-உக்ரிய மொழிகளும், தெற்கிலும் வோல்கா கரையிலும் துருக்கிய மொழிகளும் ஒலிக்கின்றன. 'உஸ்த்' என்று தொடங்கும் பெயர் ஆற்று முகத்தையும், 'வெர்க்னெ' என்பது மேற்பகுதியையும், 'நிஷ்னெ' என்பது கீழ்ப்பகுதியையும் காட்டும். கோமி மக்களின் தலைநகர் உஸ்த்-சிஸோல்ஸ்க் என்று ரஷ்ய மொழியில் வழங்கி, 1930இல் சிக்திவ்கார் ஆனது. இரண்டும் ஒரே சிஸோலா ஆற்றையே சொல்கின்றன, கோமியில் அந்த ஆற்றின் பெயர் சிக்திவ்.

தூரக்கிழக்கில் 1934இல் அமைந்த யூதத் தன்னாட்சி ஒப்லாஸ்தின் தலைநகரான பிரபிஜான், பிரா, பிஜான் என்ற இரண்டு ஆறுகளின் பெயர்களை ஒட்டி உண்டானது. மேற்கே நெடுந்தொலைவிலிருந்து வந்து குடியேறியவர்களுக்காக உருவான பகுதிக்கும், அவர்கள் வருவதற்கு முன்பே அங்கே ஓடிய நீர்தான் பெயர் கொடுத்தது. யமால் ரயோனின் பெயர் நேனெத்ஸ் மொழியில் 'நிலத்தின் முடிவு'. அந்தத் தீபகற்பத்தின் வடமுனையில் உறைகடலைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஆறுகளுக்கு இடையே படகுகளைத் தரைவழியே இழுத்துச் சென்ற இடங்களும் ஊர்களாயின. அந்த இழுவைப் பாதைக்கு 'வோலக்' என்று பெயர். மாஸ்கோவுக்கு மேற்கே உள்ள வலகலாம்ஸ்க், 'லாமா ஆற்றின் இழுவைப் பாதை'. த்வேர் மாகாணத்தின் விஷ்னி வலச்சோக், 'மேலைச் சிறு இழுவைப் பாதை'. மாஸ்கோவின் வடக்கே உள்ள மித்தீஷி, யாவுஸா, க்லியாஸ்மா ஆறுகளுக்கு இடையே படகுகளுக்குச் சுங்கம் வாங்கிய இடம். 'மித்' என்றால் சுங்கம். இவற்றில் இன்று படகுகளை யாரும் இழுப்பதில்லை, ஆனால் பத்தாம் நூற்றாண்டிலோ பன்னிரண்டாம் நூற்றாண்டிலோ வணிகர் எந்த வழியில் போயிருக்கக்கூடும் என்று ஆராய்பவர் இந்தப் பெயர்களைத்தான் முதலில் தேடுவார்.

கேள்வி: பெயர் மாற்றங்கள் வெறும் அரசியல் மரியாதைக்காக மட்டும் நடந்தனவா? அந்தந்த இடத்து மக்களை அவை எப்படிப் பாதித்தன?

பதில்: இந்தக் கேள்வியை அனுப்பிய வாசகருக்கு நன்றி சொல்ல வேண்டும், பெயர் ஆராய்ச்சி என்பது சொல்விளையாட்டாக முடிந்துவிடாமல் காக்கும் கேள்வி இது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ரஷ்யாவில் நடந்த மிகப் பெரிய பெயர் மாற்றங்கள், மக்கள் அகற்றப்பட்ட இடங்களில் நடந்தவை.

1943 டிசம்பரில் கல்மிக் மக்கள் அனைவரும் சைபீரியாவுக்கும் பிற தொலைப்பகுதிகளுக்கும் நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களுடைய குடியரசு கலைக்கப்பட்டு நிலம் அண்டை மாகாணங்களுக்குப் பங்கிடப்பட்டது. கல்மிக் மொழியில் 'மணற்பாங்கானது' என்று பொருள்படும் எலிஸ்தா, ஸ்தெப்னோய், அதாவது 'புல்வெளியூர்', ஆனது. காஸ்பியன் கரையில் இருந்த லகான், கஸ்பீஸ்கி ஆனது. 1957இல் மக்கள் திரும்பியபோது எலிஸ்தாவும் திரும்பியது. லகான் தன் பெயரைப் பெற 1991 வரை காத்திருந்தது. கராச்சாய் மக்கள் 1943 நவம்பரில் அகற்றப்பட்ட பின், அவர்களுடைய தலைநகரான மிகயான்-ஷகார் ஜார்ஜிய சோவியத்துக் குடியரசுடன் சேர்க்கப்பட்டு க்ளுகோரி என்ற ஜார்ஜியப் பெயரைப் பெற்றது. அவர்கள் திரும்பிய பின் அதுவே கராச்சாயெவ்ஸ்க். தாகெஸ்தானில் செச்செனியர் வாழ்ந்த அவூக் ரயோன், 1944 பிப்ரவரியில் அவர்கள் வெளியேற்றப்பட்டபின், அங்கே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட லாக் மக்களின் பெயரால் நவலாக்ஸ்கி என்று ஆனது. அந்த லாக் குடும்பங்களும் மலையூர்களிலிருந்து கட்டாயத்தின் பேரில் இறக்கப்பட்டவர்களே என்பதை இங்கே மறக்கக்கூடாது.

வோல்காவின் ஜெர்மானியர்களுக்கு இரண்டாம் கேத்தரீன் 1763இல் விடுத்த அழைப்பு அவர்களுடைய குடியேற்றத்தின் தொடக்கம். 1941இல் அவர்களுடைய தன்னாட்சிக் குடியரசு ஒழிக்கப்பட்டது. பால்சர் என்ற ஊர் க்ராஸ்னஅர்மேய்ஸ்க் ஆனது. சேல்மன் ரோவ்னயெ ஆனது. மார்க்ஸ்ஷ்டாட் தன் ஜெர்மானிய ஈற்றை இழந்து மார்க்ஸ் என்று மட்டும் நின்றது. 1931இல் பக்ரோவ்ஸ்க் என்ற பெயரை விட்டு எங்கெல்ஸ் ஆன தலைநகரம் அப்படியே தொடர்கிறது. இன்று சராத்தவ் மாகாணத்தில் எங்கெல்ஸ், மார்க்ஸ் என்ற பெயரில் மாவட்டங்களே உண்டு. அந்த இருவரும் ஜெர்மானியர்கள். ஆனால் ஊரைக் கட்டிய ஜெர்மானியக் குடும்பங்கள் அங்கிருந்து போய்விட்டன.

போரில் கைமாறிய நிலங்களில் மாற்றம் இன்னும் முழுமையானது. கிழக்குப் பிரஷ்யாவின் வடபாதி ரஷ்யாவுக்கு வந்தபின், 1255 முதல் இருந்த கொனிக்ஸ்பெர்க், 1946 ஜூனில் இறந்த சோவியத்துத் தலைவர்களுள் ஒருவரான கலீனினின் பெயரால் அடுத்த மாதமே கலீனின்கிராத் ஆனது. தில்சித் சவேத்ஸ்க் ஆனது. இன்ஸ்தெர்பூர்க், 1945 பிப்ரவரியில் கிழக்குப் பிரஷ்யப் போர்முனையில் காயமுற்று இறந்த தளபதி செர்னியகோவ்ஸ்கியின் பெயரைப் பெற்றது. கும்பின்னன், ஜனவரியில் வீழ்ந்த கேப்டன் கூசெவின் பெயரைப் பெற்றது. தென் சகாலினில் 1905 முதல் 1945 வரை இருந்த ஜப்பானிய ஆட்சியின் பெயர்கள் நீங்கின: தோயோஹரா யூஷ்னா-சகாலின்ஸ்க் ஆகவும், மவோகா கோல்ம்ஸ்க் ஆகவும், ஷிகுகா பரனாய்ஸ்க் ஆகவும் மாறின. இந்தக் கடைசிப் பெயரில் ஒரு சிறு நியாயம் இருக்கிறது: பரனாய் என்பது ஐனு மொழியில் 'பேராறு', ஜப்பானியருக்கும் ரஷ்யருக்கும் முன்பே அங்கிருந்தவர்களின் சொல் அது.

ஃபின்லாந்து எல்லையை ஒட்டிய கரேலியாவை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். ஃபின்லாந்திடமிருந்து எடுத்த நிலத்தில் ஒரு பகுதி 1940களில் லெனின்கிராத்தின் நிர்வாகத்துக்குள் சேர்க்கப்பட்டது. அங்கே 1948இல் தெரியோகி ஸெலெனகோர்ஸ்க் ஆகவும், கேக்ஸ்கோல்ம் பிரியஸ்யோர்ஸ்க், 'ஏரிக்கரையூர்', ஆகவும் மாறி ஃபின்னிய வரைபடம் கிட்டத்தட்ட மறைந்தது. அதே நிலத்தின் மறுபகுதி கரேலியாவிடம் தங்கியது. அங்கே பித்கியரந்தா, 'நீண்ட கரை', சர்தவலா, லஹ்தென்பொஹ்யா, 'வளைகுடாவின் கோடி', ஆகியவை இன்றும் ரயோன் பெயர்களாக நிற்கின்றன. மக்கள் இரு பக்கத்திலும் வெளியேறினார்கள். பெயர் நிலைத்ததும் அழிந்ததும் எந்த அலுவலகத்தின் கீழ் அந்த நிலம் வந்தது என்பதைப் பொறுத்தே அமைந்தது.

பகை முற்றிய அமைதிக்காலத்திலும் இது நடந்திருக்கிறது. 1969இல் உசூரி ஆற்றின் தமான்ஸ்கி தீவில் சீனாவுடன் மோதல் மூண்டது. அதன்பின் 1972 இறுதியில் பிரிமோர்ஸ்கி கிராயில் சீன மூலமுடைய பெயர்கள் மொத்தமாக மாற்றப்பட்டன. சுசான் நகரம் பர்த்திஸான்ஸ்க் ஆனது, இமான் தால்னெரெச்சென்ஸ்க் ஆனது, தெத்யூஹே தால்னெகோர்ஸ்க் ஆனது. ஆறுகள்கூடத் தப்பவில்லை: இமான் ஆறு 'பெரிய உசூர்கா' ஆயிற்று. ஆற்றுப் பெயர்கள் மிகப் பழையவை என்று முன்பு சொன்னேன். அவையும் ஓர் ஆணையில் மாறக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கேள்வி: உயிரோடு இருப்பவர்களின் பெயரை மாவட்டங்களுக்கு வைத்தார்களா?

பதில்: 1957 வரை தாராளமாக வைத்தார்கள். பேர்ம் நகரமும் மாகாணமும் 1940 முதல் சோவியத்துத் தலைவர் மலத்தவின் பெயரால் மலத்தவ் என்று வழங்கின. 1957இல் மலத்தவ் அதிகாரத்திலிருந்து வீழ்ந்ததும் உயிரோடு இருப்பவர்களின் பெயரைச் சூட்டுவதைத் தடுக்கும் ஆணை வந்தது. பழைய பெயரும் திரும்பியது. இறந்தவர்களுக்குத் தடை இல்லாததால் வழக்கம் தொடர்ந்தது. வோல்கா கரையின் ரீபின்ஸ்க் முதலில் ஷெர்பகோவ், பின் பழைய பெயர், 1984இல் அந்த்ரோபவ், 1989இல் மறுபடி ரீபின்ஸ்க் என்று அலைக்கழிக்கப்பட்டது.

என் மனத்துக்கு நெருக்கமானது கபாரொவ்ஸ்க் கிராயில் உள்ள 'பலீனா ஒசிபென்கோ பெயரிலான ரயோன்'. 1938 செப்டம்பர் 24 அன்று வலென்தீனா க்ரிஸதூபவா, பலீனா ஒசிபென்கோ, மரீனா ரஸ்கோவா என்ற மூன்று பெண்கள் மாஸ்கோவிலிருந்து தூரக்கிழக்கு நோக்கி ஒரே ஓட்டமாக விமானம் ஓட்டினார்கள். ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் கடந்தபின் எரிபொருள் தீர்ந்து, கேர்பி என்ற குடியேற்றத்தின் அருகே சதுப்பில் தரையிறங்க நேர்ந்தது. விமானத்தின் முன்பகுதியில் இருந்த வழிகாட்டி ரஸ்கோவா பாராசூட்டில் முன்னதாகவே குதித்து, பத்து நாள் காட்டில் தனியாக நடந்து மற்றவர்களை வந்தடைந்தார். மூவரும் சோவியத்து யூனியனின் வீரர் பட்டம் பெற்ற முதல் பெண்கள். அடுத்த ஆண்டு மே மாதம் ஒசிபென்கோ பயிற்சிப் பறப்பில் உயிரிழந்தார். கேர்பியும் அதன் ரயோனும் அவருடைய பெயரைப் பெற்றன. ஏதோ ஒரு தலைவரை மகிழ்விக்கச் சூட்டிய பெயர் அல்ல; அவர் உண்மையிலேயே வந்திறங்கிய மண் அது.

கேள்வி: மாஸ்கோவின் உட்பகுதி மாவட்டங்களின் பெயர்கள் எப்படி உருவாயின?

பதில்: நகரம் 12 நிர்வாக ஒக்ரூக்குகளாகவும், அவை ரயோன்களாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. பழைய நடுப்பகுதியின் பெயர்களில் பல, கைவினைஞர்களும் அரண்மனைப் பணியாளர்களும் வாழ்ந்த குடியிருப்புகளிலிருந்து வந்தவை. கமோவ்னிகி துணி நெய்தவர்களுடைய இடம். சகோல்னிகி ஜாரின் வேட்டைக்குப் பருந்துகளைப் பழக்கியவர்களுடைய இடம். ஸமஸ்க்வரேச்யெ, மாஸ்க்வா ஆற்றுக்கு அப்பால் உள்ள பகுதி. யகிமான்கா, புனிதர் யோவாகிம், அன்னா ஆகியோரின் கோவிலால் பெயர் பெற்றது, கோவில் இடிக்கப்பட்டுவிட்டது.

கேள்வி: இந்த ரயோன்கள் இனியும் இப்படியே இருக்குமா?

பதில்: மாறிக்கொண்டிருக்கின்றன. 2019இல் ரஷ்யச் சட்டம் 'நகராட்சி ஒக்ரூக்' என்ற புதிய உள்ளாட்சி அலகை உருவாக்கியது. பல மாகாணங்கள் தங்கள் ரயோன்களையும் அவற்றுக்குள் இருந்த ஊராட்சிகளையும் ஒரே அலகாக இணைத்து வருகின்றன. மாஸ்கோ மாகாணம் அதற்கும் முன்பே ரயோன்களை நகர ஒக்ரூக்குகளாக மாற்றத் தொடங்கியது. பெயரின் உரிச்சொல் வடிவம் பெரும்பாலும் அப்படியே தொடர்வதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மாற்றம் தெரிவதில்லை. ஆனால் இணைப்பில் யாருடைய பெயர் மேலே நிற்கும் என்ற கேள்வி எழும். பழைய ரூஸ் நாட்டின் தென்பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட பெயரைத் தாங்கிய, பதினான்காம் நூற்றாண்டிலேயே ஆவணங்களில் இடம்பெற்ற ஸ்வெனிகொரத், 2019இல் அதினத்ஸோவா நகர ஒக்ரூக்கின் ஒரு பகுதியானது. அதினத்ஸோவாவுக்கு நகர் என்ற தகுதியே 1957இல்தான் கிடைத்தது.